கனடாவுக்கு 67 புள்ளி போதும் என்கிறார்கள், பணம் கட்டலாமா?

#1 · கட்டபெட்டுக்காரன் · திங்கள் இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 34. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல். படித்து முடித்ததிலிருந்து தேயிலைத் தொழிற்சாலைதான், 11 வருடம், இரண்டு பாட்லீஃப் ஃபேக்டரி (வெளியே பச்சை இலை வாங்கித் தூள் தயாரிக்கிற ஆலை). இப்போது டீ மேக்கர். (சமவெளி நண்பர்களுக்கு: டீக்கடையில் டீ போடுகிறவன் இல்லை. பச்சை இலை உள்ளே வந்ததிலிருந்து மூட்டை கட்டும் வரை ஃபேக்டரியை ஓட்டுகிறவனுக்குத்தான் எங்கள் பக்கம் அந்தப் பெயர்.) மனைவி குன்னூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். மகளுக்கு நான்கு வயது.

போன வாரம் கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டன்சிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். "67 இருந்தால் போதும், உங்களுக்கு 71 வருகிறது, ஆறு மாதத்தில் பி.ஆர்." என்றார்கள், அதாவது நிரந்தரமாக அங்கே வசிக்கிற உரிமை. மொத்தம் 1,80,000 ரூபாய், முதல் தவணை 60,000 இந்த வெள்ளிக்கிழமைக்குள். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு ஏற்கெனவே எழுதிவிட்டேன்: கேட்டல் 7, வாசித்தல் 6.5, எழுதுதல் 6, பேசுதல் 6.5.

ஒன்றுதான் நெருடுகிறது. "டீ மேக்கர் என்று போட்டால் எடுபடாது சார், கெமிஸ்ட் என்று போட்டுவிடலாம், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிதானே படித்திருக்கிறீர்கள்" என்கிறார்கள். அது சரியா?

#2 · ரெஜைனா_குளிர் · திங்கள் இரவு 10:55

பணத்தைக் கட்டாதீர்கள். காரணம் நீளமாக இருக்கிறது, இங்கே எனக்கு மதிய உணவு இடைவேளை, முடிந்த வரை எழுதுகிறேன்.

நான் நம் குன்னூர் வெலிங்டன் பக்கத்துக்காரன், 2019-இல் கனடாவுக்கு வந்தேன். எனக்கும் இதே 67 கதையைத்தான் முதலில் சொன்னார்கள்.

67 பொய் இல்லை. ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் என்கிற திட்டத்துக்குத் தகுதி உண்டா இல்லையா என்று பார்க்கிற கணக்கு அது, நூற்றுக்கு 67. உங்கள் கணக்கு: வயது 35-க்குள் என்பதால் 12, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 21, ஆறு வருடத்துக்கு மேல் அனுபவம் என்றால் 15, மொழிக்கு 18, மனைவி ஒரு மொழித் தேர்வு எழுதிக் குறைந்தபட்ச நிலை காட்டினால் 5. ஆக 71. கன்சல்டன்சி கணக்கில் தப்பில்லை.

ஆனால் அது பிளஸ் டூவில் 35 எடுத்துப் பாஸ் ஆவது மாதிரி. பாஸ் ஆனவர்கள் எல்லோருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தில் சீட் கிடைக்குமா? அதற்குக் கட்-ஆஃப் வேறு, கவுன்சலிங் வேறு. இங்கே அந்தக் கட்-ஆஃபுக்குப் பெயர் சி.ஆர்.எஸ். 2015 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற விண்ணப்ப முறை வந்ததிலிருந்து இப்படித்தான். 67 தாண்டியவர்கள் எல்லோரும் ஒரு குளத்தில் கிடப்போம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ, அவர்களுக்குத் தோன்றும்போதோ, மேலே இருப்பவர்களை மட்டும் வலை போட்டு எடுப்பார்கள். மொத்தம் 1,200.

உங்கள் சி.ஆர்.எஸ். போட்டுப் பார்த்தேன். மனைவி நான்கிலும் 6 எடுப்பார் என்று வைத்துக்கொள்கிறேன். வயதுக்கு 75, படிப்புக்கு 112, மொழிக்கு 76, மனைவியின் படிப்புக்கு 8, அவர் மொழிக்கு 12, படிப்பையும் அனுபவத்தையும் மொழியோடு சேர்த்துத் தருகிற கூட்டுப் புள்ளி 38. ஆக 321.

கனடாவில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களுக்கான சுற்றுகளில் 2025-இல் 500-க்கு மேல் கேட்டார்கள். 321-ஐ வைத்துக்கொண்டு குளத்தில் கிடக்கலாம், 12 மாதத்தில் அந்தப் பதிவே காலாவதியாகும். அதற்குள் உங்களுக்கு 35 ஆகிவிடும், வயதில் 5 குறையும். நாற்பதைத் தாண்டினால் வருடத்துக்குப் பத்து.

கெமிஸ்ட் விஷயம் பிறகு எழுதுகிறேன். அதுதான் இருப்பதிலேயே ஆபத்து.

#3 · பழைய_பைக்காரா · செவ்வாய் காலை 6:20

நல்ல கூத்து. ஊட்டிக்கு வருகிற வண்டிக்கு இ-பாஸ், ஊட்டியிலிருந்து போகிறவனுக்கு 67 புள்ளி. நடுவில் கன்சல்டன்சிக்காரனுக்கு ஒன்றே முக்கால் லட்சம்.

தம்பி, 34 வயது, கையில் தொழில், அப்பாவுக்குத் தோட்டம் இருக்கும் என்று நினைக்கிறேன். எதற்கு இந்த வேலை?

#4 · கட்டபெட்டுக்காரன் · செவ்வாய் காலை 7:05

ஐயா, தோட்டம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. பச்சை இலை விலை உங்களுக்குத் தெரியாததில்லை. உரம், கவாத்து, பறிகூலி போக அப்பா கையில் நிற்பது பஸ் காசுக்குத்தான் வரும். நான் வாங்குவது 26,000. ஃபேக்டரி இலை இல்லாத மாதங்களில் அதுவும் தள்ளிப்போகும்.

ரெஜைனா அண்ணா, ரொம்ப நன்றி. 321 என்று படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். கன்சல்டன்சியில் "உங்கள் என்.ஓ.சி. வாங்கிக் கொண்டு வாருங்கள்" என்று ஒரு பெண் போனில் சொன்னார். நான் முதலாளியிடம் போய் என்.ஓ.சி. கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இவர் வேலையை விட்டுப் போவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, சீல் வைத்துக் கொடுத்துவிட்டார். இப்போது ஃபேக்டரி முழுக்க நான் போகப்போகிறேன் என்று பேச்சு.

#5 · ரெஜைனா_குளிர் · செவ்வாய் மாலை 5:40

சிரித்துச் சிரித்துக் காபி கொட்டிவிட்டது. மன்னியுங்கள்.

கனடாவில் என்.ஓ.சி. என்றால் தடையில்லாச் சான்று இல்லை. நாட்டில் உள்ள எல்லா வேலைகளுக்கும் எண் கொடுத்து வைத்திருக்கிற பெரிய பட்டியல். ஒவ்வொரு வேலையையும் டீர் 0 முதல் 5 வரை ஏதோ ஒரு படியில் வைத்திருப்பார்கள். ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கருக்கு 0, 1, 2, 3 மட்டும்தான் செல்லும். 4, 5 படிகளில் முப்பது வருடம் வேலை பார்த்திருந்தாலும் அனுபவம் பூஜ்யம். 67 கணக்கையே தொட முடியாது.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். அங்கே பதவிப் பெயருக்கு மதிப்பில்லை, என்ன செய்கிறீர்கள் என்பதற்குத்தான் மதிப்பு. காலையில் கப் வரிசையாக வைத்து ருசி பார்த்துத் தரம் பிரிக்கிற வேலையை மட்டும் எழுதினால், உணவு பானங்களைச் சோதித்துத் தரம் பிரிப்பவர் என்கிற வகையில் போய் விழும். அது டீர் 4. குன்னூர் ஏலத்தில் ஒரு நாக்கு சொல்வதை வைத்துத்தான் விலை போகிறது, அந்த நாக்குக்குப் பதினைந்து வருடம் பழக்கம் வேண்டும், ஆனாலும் அது திறன் கணக்கில் வராது. எனக்கு இன்றுவரை இது ஜீரணமாகவில்லை.

ஆனால் நீங்கள் டேஸ்டர் மட்டும் இல்லை. ஷிப்ட் ஆட்களைப் பிரித்து விடுவது, வாட்டும் தொட்டியில் எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பது, இலை அரைக்கிற சி.டி.சி. உருளை எப்போது கூர் போட வேண்டும், டிரையர் சூடு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவுப் பாதுகாப்புப் பதிவேடு, புதியவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பது, இதெல்லாம் உங்கள் தலையில்தானே? அப்படியென்றால் உணவு பதப்படுத்தும் தொழிற்சாலை மேற்பார்வையாளர், எண் 92012. அது டீர் 2. உண்மையும் அதுதான்.

கெமிஸ்ட் என்று போடுவது பொய். ஆய்வகத்தில் ஒரு நாளாவது வேலை பார்த்தீர்களா? தவறான தகவல் தந்ததாக முடிவு செய்தால் ஐந்து வருடம் கனடா பக்கம் எந்த விண்ணப்பமும் போட முடியாது. தடை விழுவது உங்கள் பெயரில், கன்சல்டன்சியின் பெயரில் இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காக விண்ணப்பிக்கிறவர் கனடாவின் குடியேற்ற ஆலோசகர் கழகத்தில் உரிமம் பெற்றவராகவோ அங்கே வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். கழகத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் இருக்கிறாரா இல்லையா தெரிந்துவிடும். கேட்டுப் பாருங்கள், எண் தருகிறார்களா என்று.

இன்னொன்று. "வேலைக் கடிதம் ஏற்பாடு செய்கிறோம், 50 புள்ளி கூடும்" என்று அடுத்து வருவார்கள். 2025 மார்ச் 25-ஆம் தேதியே சி.ஆர்.எஸ்.-இல் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டார்கள்.

#6 · பந்தலூர்_மூன்றாம்_தலைமுறை · செவ்வாய் இரவு 9:15

நடுவில் புகுந்து ஒன்று கேட்கிறேன். எனக்குக் கனடாவில், ஸ்கார்பரோவில் சொந்தம் நிறைய. அம்மாவின் அண்ணன், அதாவது தாய்மாமா, அங்கே குடியுரிமையோடு இருக்கிறார். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அவரும் அங்கேதான். சொந்தக்காரருக்குப் புள்ளி உண்டு என்கிறார்களே?

பின்னணி: எங்கள் தாத்தா இலங்கையில் கண்டிப் பக்கத் தோட்டத்திலிருந்து, மலையகத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் வந்தவர். தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. பாதிக் குடும்பம் இங்கே வந்தது, பாதி அங்கேயே நின்று பிறகு கனடா போனது. தாத்தாவிடம் யாரும் புள்ளி கேட்கவில்லை. எந்த நாடு வேண்டும் என்றும் சரியாகக் கேட்கவில்லை என்பார் பாட்டி.

#7 · ரெஜைனா_குளிர் · செவ்வாய் இரவு 10:02

பந்தலூர் தம்பி, இங்கேதான் நம் ஆட்கள் எல்லோரும் வழுக்குகிறார்கள். நமக்குப் பெரியப்பா மகன் அண்ணன். கனடா அரசுக்கு அவர் கசின், கணக்கிலேயே கிடையாது.

67 கணக்கில் பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர், பெற்றோரின் உடன்பிறந்தவர், உடன்பிறந்தவரின் பிள்ளைகள் வரை சேரும். 18 வயதுக்கு மேல், கனடாவில் வசிக்கிற குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். ஆகத் தாய்மாமாவுக்கு 5. ஆனால் சி.ஆர்.எஸ்.-இல் உடன்பிறந்த அண்ணன், அக்கா, தம்பி, தங்கைக்கு மட்டும்தான் 15. மாமாவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. மாமா என்பதையும் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும்: உங்கள் பிறப்புச் சான்றில் அம்மா பெயர், அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஒரே பெற்றோர் என்று காட்டும் பிறப்புச் சான்றுகள். இலங்கைத் தோட்டத்தில் பிறந்த அம்மாவுக்கு அது இருக்கிறதா?

#8 · பந்தலூர்_மூன்றாம்_தலைமுறை · செவ்வாய் இரவு 10:10

குடும்ப அட்டை என்று ஒரு பழைய தாள் இருக்கிறது. அதில் அம்மா பெயரை மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். தேடுகிறேன்.

#9 · செவிலி_அக்கா · புதன் காலை 5:30

நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து முழு இழையையும் படித்தேன். ஊரே சேர்ந்து கட்டபெட்டுத் தம்பிக்குக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா, அந்த வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்று?

தம்பி, உங்கள் மனைவி பி.எஸ்சி. நர்சிங்கா, டிப்ளமாவா? வயது என்ன? எத்தனை வருட அனுபவம்?

#10 · கட்டபெட்டுக்காரன் · புதன் காலை 6:10

பி.எஸ்சி. நர்சிங் அக்கா, நான்கு வருடம். வயது 31. குழந்தை பிறந்தபோது எடுத்த விடுப்பு போக ஏழு வருட அனுபவம். கன்சல்டன்சியில் அவளைப் பற்றிக் கேட்டது "ஸ்பௌஸ் படிச்சவங்களா" என்பது மட்டும்தான்.

#11 · செவிலி_அக்கா · புதன் காலை 8:45

குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன், கணக்கு நீளம்.

நான் ஊட்டிக்காரி, இப்போது அடிலெய்டு. கனடாக் கணக்கும் ஒரு காலத்தில் போட்டுப் பார்த்தவள், அதனால் முதலில் அது. கணவன் மனைவியில் யார் முதன்மை விண்ணப்பதாரர் என்பது நம் விருப்பம். ரேஷன் கார்டு மாதிரி குடும்பத் தலைவர் என்று ஒன்றும் கிடையாது. இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு, எது அதிகமோ அதில் போகலாம்.

மனைவியை முதலில் வைத்துப் பாருங்கள். 31 வயதுக்கு 90. பட்டத்துக்கு 112. அவர் உங்களைப் போலச் சாதாரண நிலையில், நான்கிலும் 6 எடுத்தால் மொழிக்கு 64, கூட்டுப் புள்ளி 38, உங்கள் படிப்புக்கும் மொழிக்குமாக 20. மொத்தம் 324. நீங்கள் முதலில் இருந்தால் வருகிற 321-க்குப் பக்கத்தில்தான். இதோடு நிறுத்திக்கொண்டால் யார் முதலில் நின்றாலும் ஒன்றுதான் என்று தோன்றும்.

இப்போது அவரே கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 எடுக்கிறார் என்று வையுங்கள். அதைத்தான் சி.எல்.பி. 9 என்பார்கள், கனடாவின் மொழி அளவுகோலில் ஒன்பதாம் நிலை. மொழி 64-லிருந்து 116 ஆகிறது. அதோடு கூட்டுப் புள்ளியும் 38-லிருந்து 75 ஆகிறது, ஏனென்றால் படிப்பு, அனுபவம் இரண்டுக்கும் மொழியைத்தான் பெருக்கு விசையாக வைத்திருக்கிறார்கள். மொத்தம் 413. ஒரே தேர்வில் 89 புள்ளி. எம்.எஸ்சி. படித்தாலும் இவ்வளவு வராது.

ஐ.இ.எல்.டி.எஸ்.-இல் கேட்டல் 7.5-க்கும் 8-க்கும் நடுவில்தான் கோட்டை வாசல். நம் ஆட்கள் எழுதுதலுக்குப் பயந்து அதையே படித்துக்கொண்டிருப்பார்கள், கேட்டலில் கோட்டைவிடுவார்கள்.

தம்பியும் இன்னொரு முறை எழுதி 9-ஆம் நிலைக்கு வந்தால் துணைப் புள்ளி 12 என்பது 20 ஆகும், இன்னும் 8 கூடும். அது பெரிதில்லை.

#12 · பழைய_பைக்காரா · புதன் காலை 9:30

413 வந்தால் கூப்பிடுவானா, மாட்டானா? அதைச் சொல்லுங்கள்.

#13 · செவிலி_அக்கா · புதன் காலை 9:52

நியாயமான கேள்வி. 413 மட்டும் வைத்துக்கொண்டு இப்போதைக்குக் கஷ்டம்தான்.

2023-லிருந்து மருத்துவத் துறைக்கு என்று தனிச் சுற்று நடத்துகிறார்கள். 2024 பிப்ரவரியில் அந்தச் சுற்றில் 422-க்கே கூப்பிட்டார்கள். 2025 ஆகஸ்டில் 470 ஆகிவிட்டது. இறங்கும், ஏறும், யாராலும் சொல்ல முடியாது. ஏதாவது ஒரு கனடா மாநிலம் நம்மைத் தேர்ந்தெடுத்து மாநில நியமனம் கிடைத்தால் 600 புள்ளி, அதோடு கதை முடிந்தது, ஆனால் 2025-இல் அந்த இடங்களைப் பாதியாகக் குறைத்தார்கள்.

அப்புறம் பிரெஞ்சு. சிரிக்காதீர்கள். ஆங்கிலத்தோடு பிரெஞ்சிலும் நான்கு திறனிலும் 7-ஆம் நிலை எடுத்தால் 50 புள்ளி கூடுதல், இரண்டாம் மொழிக்கு 12. 413 அப்படியே 475 ஆகும். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்றும் உண்டு, 2025 மார்ச்சில் 379-க்குக் கூப்பிட்டார்கள். ஆனால் ஷிப்ட் வேலையும் நான்கு வயதுக் குழந்தையுமாக அந்த நிலைக்கு வர ஒன்றரை, இரண்டு வருடம் பிடிக்கும். யூடியூபில் "ஆறு மாதத்தில் பிரெஞ்சு" என்று ஒருவர் சொல்கிறார், அவர் பிரெஞ்சு பேசி நான் கேட்டதில்லை.

#14 · கட்டபெட்டுக்காரன் · புதன் இரவு 11:20

அக்கா, மத்தியானம் இதை அவளிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "ஆறு மாசமா அந்த பேப்பரத் தூக்கிட்டு அலையறீங்க, என் மார்க் என்னன்னு இன்னிக்குதான் கேக்கறீங்க" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பணம் கட்டப்போவதில்லை. போன் செய்து உரிம எண் கேட்டேன். "எங்கள் டெல்லி ஆபீஸில் இருக்கிறது" என்றார்கள்.

பணக் கணக்கும் கேட்டுவிடுகிறேன். மூன்று பேருக்கு எவ்வளவு காட்ட வேண்டும்? அப்பா தோட்டத்தை விற்றுத் தருகிறேன் என்கிறார்.

#15 · ரெஜைனா_குளிர் · வியாழன் காலை 7:30

2025 ஜூலையில் மூன்று பேருக்கு 23,360 கனடா டாலர் என்று வைத்தார்கள், நம் காசில் 14 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு வருடமும் மாற்றுவார்கள். விண்ணப்பக் கட்டணம் தனி, 2025-இல் பெரியவர் ஒருவருக்கு 1,525 டாலர் இருந்தது.

காட்ட வேண்டியது வங்கியில் இருக்கிற காசு. கடன் செல்லாது. நிலம், வீடு, நகை, சீட்டுப் பணம் எதுவும் சேராது. வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி இருப்பும் கேட்பார்கள், அதனால் கடைசி வாரத்தில் மொத்தமாகக் கொண்டுவந்து போட்டால் எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். அப்பா கொடுத்தால் தானம் என்று எழுதித் தர வேண்டும், திருப்பித் தர வேண்டியதில்லை என்று அதில் இருக்க வேண்டும், விற்ற கிரயப் பத்திரத்தையும் இணைக்க வேண்டும்.

ஆனால் தம்பி, அழைப்பு கைக்கு வருவதற்கு முன் ஒரு செண்டு கூட விற்காதீர்கள். என்னோடு படித்த ஒருவன் முதலில் விற்றான், பிறகு எழுதுதலில் 5.5 வாங்கினான்.

#16 · பந்தலூர்_மூன்றாம்_தலைமுறை · வியாழன் காலை 8:15

உங்களுக்காவது விற்கப் பட்டா இருக்கிறது. எங்கள் கூடலூர்ப் பக்கம் பாதி, உரிமை இன்னும் முடிவாகாத பிரிவு 17 நிலம். ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தது 1969-இல், இன்னும் முடியவில்லை. நான் எதைக் காட்டுவது?

#17 · பழைய_பைக்காரா · வியாழன் காலை 8:40

அப்பா தோட்டத்தை விற்கிறேன் என்று சொன்னது பாசத்தில். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே தம்பி. அந்த ஒன்றரை ஏக்கரில் இப்போது இலை பறிப்பது யார்? ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பத்தோடு வந்தவர்கள். நம் பிள்ளைகள் கனடா, அவர்கள் நம் லயத்தில். அவர்களுக்கு நாம் எந்தத் தேர்வும் வைக்கவில்லை, சம்பளமும் சரியாக வைக்கவில்லை.

இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. என் மகளே மெல்போர்னில்தான் இருக்கிறாள்.

#18 · மட்டுறுத்துநர் · வியாழன் காலை 9:00

ஐயா, அந்தப் பேச்சுக்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். கன்சல்டன்சி பெயர் கேட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்பிய பதினோரு பேருக்கும்: எனக்குத் தெரியாது.

#19 · செவிலி_அக்கா · வியாழன் மாலை 4:10

ஆஸ்திரேலியாக் கணக்கையும் போட்டுவிடுகிறேன், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இங்கே குறைந்தபட்சம் 65, வயது 45-க்குள். உங்கள் மனைவிக்கு: 25 முதல் 32 வயது வரை 30, ஐ.இ.எல்.டி.எஸ். நான்கிலும் 7 என்றால் 10, பட்டத்துக்கு 15, ஐந்து வருடத்துக்கு மேல் அனுபவம் 10, கணவர் நான்கிலும் 6 வைத்திருப்பதால் 5. ஆக 70. 33-ஆவது பிறந்தநாளில் வயதில் 5 போய்விடும், இன்னும் இரண்டு வருடம்கூட இருக்காது. பெருநகரத்துக்கு வெளியே வாழச் சம்மதித்து 491 விசாவில் போனால் மேலே 15.

இதோடு தமிழுக்கு 5. விளையாட்டில்லை. நாட்டி என்கிற அமைப்பு ஒரு தேர்வு நடத்துகிறது, அதில் தமிழும் உண்டு. ஒரு ஆங்கிலக்காரரும் ஒரு தமிழரும் பேசுகிற இரண்டு உரையாடல், நாம் நடுவில் இருந்து மாற்றிச் சொல்ல வேண்டும். 90-க்கு 63, ஒவ்வொன்றிலும் 45-க்கு 29 குறையாமல். நான் "இதென்ன, நம் பாஷைதானே" என்று போய் முதல் தடவை தோற்றேன். "ரென்ட் அக்ரிமென்ட்ல டெபாசிட் ரீஃபண்ட் ஆகும்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். ஊட்டியில் அதுதான் தமிழ். இரண்டாம் தடவைக்கு அப்பாவின் பழைய செய்தித்தாள் கட்டை எடுத்து வைத்து, வாடகை ஒப்பந்தம், முன்பணம், இழப்பீடு, காப்பீடு என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உருப்போட்டேன்.

எந்த நாடானாலும் ஒன்று. பி.ஆர். கிடைத்தால் நர்ஸ் வேலை பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். உரிமம் தனி. இங்கே ஆப்ரா என்கிற மருத்துவப் பணியாளர் அமைப்பில் பதிவு, கனடாவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு செவிலியர் கழகம், என்கிளெக்ஸ் என்கிற செவிலியர் தேர்வு.

இன்னொன்று, பெயர். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்த்திருப்பார். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவிலும் பட்டத்திலும் அப்பா இனிஷியல் இருக்கும். எனக்கு அந்த ஒரு எழுத்துக்காக நாலு மாதம் போனது.

#20 · கட்டபெட்டுக்காரன் · வெள்ளி இரவு 8:35

இது அவர் பயனர் கணக்கு, எழுதுவது அவர் மனைவி. அக்காவுக்கு முதலில் நன்றி.

பெயர் விஷயம் நீங்கள் சொன்னது அப்படியே. பாஸ்போர்ட், ஆதார், கவுன்சில் பதிவு மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன், மூன்று பேர் மாதிரி இருக்கிறது. ஹாஸ்பிடலில் அனுபவச் சான்று கேட்டேன். "இன்னார் இத்தனை வருடம் பணிபுரிந்தார், நன்னடத்தை" என்று இரண்டு வரி தந்தார்கள். என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு என்று எழுதித் தரச் சொன்னால், சம்பளத்தை எழுத்தில் தர மாட்டார்களாம். பி.எஃப். பதிவும் சம்பளச் சீட்டும் இருக்கிறது, சேர்த்து வைப்பேன்.

என் கேள்வி ஒன்றுதான். தேர்வுக் கட்டணம் 18,000 வரை ஆகிறது. ஒரு தேர்வுதான் இப்போதைக்கு எழுத முடியும். எதை எழுதுவது?

#21 · செவிலி_அக்கா · வெள்ளி இரவு 9:20

வாம்மா. இந்த இழையில் இதுதான் சரியான கேள்வி, இதைக் கேட்காமல் பணத்தை விட்டவர்கள் நிறைய.

கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல்தான் செல்லும், அகாடமிக் செல்லாது. ஆஸ்திரேலியாவில் செவிலியர் பதிவுக்கு அகாடமிக், ஓ.இ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) மாதிரி ஒன்று வேண்டும், அதையே விசாப் புள்ளிக்கும் காட்டலாம். ஆக எந்த நாடு என்று முடிவு செய்துவிட்டுத்தான் தேர்வு. கனடாவுக்கும் இங்கே செவிலியர் பதிவுக்கும் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும் என்பதையும் மனதில் வை.

ஓ.இ.டி. நம் வேலையை ஒட்டியது. எழுதுதலில் நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பும் கடிதம் எழுதச் சொல்வார்கள், அதைத்தான் தினமும் எழுதுகிறோம். கட்டணம் மட்டும் கூடுதல்.

#22 · ரெஜைனா_குளிர் · வெள்ளி இரவு 10:15

கனடாக்காரன் சொல்கிறேன், அடிலெய்டு அக்கா கணக்குதான் உங்களுக்குப் பக்கம். இங்கே 413-ஐ வைத்துக்கொண்டு காத்திருப்பதைவிட அங்கே 70, 75 மேல். பிரெஞ்சு ஆசை இருந்தால் அது தனிப் பாதை, பிறகு பார்க்கலாம். தம்பிக்கு மட்டும் ஒரு வார்த்தை: அங்கே போனால் டீ மேக்கர் என்கிற வேலை இருக்காது. முதல் இரண்டு வருடம் கிடங்கிலோ கடையிலோ நிற்க வேண்டி வரும். அதை இப்போதே இருவரும் பேசிவிடுங்கள்.

#23 · கட்டபெட்டுக்காரன் · ஞாயிறு காலை 10:40

மறுபடி நான்.

பேசினோம். இரண்டு ராத்திரி. ஓ.இ.டி. என்று முடிவு. அவள் மார்ச்சில் எழுதுகிறாள். அதுவரை ஷிப்ட் முடிந்து வந்ததும் இரண்டு மணி நேரம் அவளுக்குப் படிப்பு, அந்த நேரம் சமையலும் மகளும் என் பொறுப்பு. நேற்று ரசம் வைத்தேன், மகள் "அப்பா, இது டீயா" என்று கேட்டாள்.

முதலாளியிடம் போய் நான் எங்கும் போகவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தடையில்லாச் சான்றைத் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டேன். பதிலுக்கு என் வேலைகளை வரிவரியாக எழுதி ஒரு கடிதம் கேட்டிருக்கிறேன். "நீயே எழுதிக்கொண்டு வா, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். ஆறு வரிக்கு மேல் போகவில்லை. வாட்டுவதை ஆங்கிலத்தில் என்னவென்று எழுதுவது என்பதில் நிற்கிறேன், ரெஜைனா அண்ணா பார்த்துத் தருவீர்களா?

#24 · பழைய_பைக்காரா · ஞாயிறு காலை 11:05

அனுப்பு தம்பி, நான் பார்க்கிறேன். 31 வருடம் ஃபேக்டரி ஆபீஸில் அந்த மாதிரிக் கடிதம்தான் டைப் அடித்தேன்.

மார்ச் தேர்வுக்கு முந்தின நாளே கீழே இறங்கிவிடுங்கள். குஞ்சப்பனை மலை ரோட்டில் ஒரு மரம் விழுந்தால் அத்தனை பணமும் போச்சு.